பிள்ளை ராணுவத்துக்குத் தயாராகும்போது அம்மா என்ன செய்யலாம்?



போன மாதம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். ஒரு அக்கா எழுந்து, "எனக்கு அம்பதாயிரம் உள்கடன் வேணும்" என்றார். எதுக்கு என்று ஊக்குநர் கேட்டார். "பையன் மிலிட்டரிக்குப் போகணும்னு நிக்கிறான். ஒருத்தரு சேத்து வுடறேன்னு சொல்றாரு. முன்பணம் குடுக்கணுமாம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார்: "நானும் மூணு வருஷம் முன்னாடி குடுத்தேன். ஆடு வாங்கறேன்னு குழுவுல சொல்லி வாங்கின காசு. ஆடும் இல்ல, வேலையும் இல்ல. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறான். நான் இன்னும் தவணை கட்டிக்கிட்டு இருக்கேன்."

அன்றைக்கு அந்தக் கடனுக்குத் தீர்மானம் எழுதவில்லை. "அப்ப நாங்க என்னதான் செய்யணும்? விசாரிச்சு நம்ம செய்தி மடல்ல எழுதுங்க" என்று எங்களிடம் சொன்னார்கள். விசாரித்ததை இங்கே எழுதுகிறோம். மலையிலும் சரி, கீழே சங்கராபுரம், சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கமும் சரி, காலையில் ரோட்டில் ஓடுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களின் அம்மாக்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆள் எடுப்பது எப்படி?

ராணுவத்தில் சிப்பாயாகச் சேர இப்போதுள்ள வழி அக்னிபாத் திட்டம். 2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு இதை அறிவித்தது. சேருகிறவர்களுக்கு அக்னிவீர் என்று பெயர். பணிக்காலம் நான்கு வருஷம்.

முன்பெல்லாம் ஆள் எடுப்பு முகாமுக்கு நேராகப் போய் ஓடினார்கள். 2023 முதல் முறை மாறிவிட்டது. முதலில் இணையத்தில் பதிவு. அடுத்து கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினவர்களை மட்டும்தான் உடல் தகுதித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, கடைசியில் மதிப்பெண் வரிசைப் பட்டியல். ஆகவே ஓட்டம் மட்டும் போதாது, படிப்பும் வேணும். பத்தாம் வகுப்பு அளவில் கணக்கு, அறிவியல், பொது அறிவு கேட்பார்கள். தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறையும். 2025 முதல் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இது நம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி.

பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் சில தொழிலாளர் பிரிவுகள் உண்டு. வயது, உயரம் எல்லாம் அந்தந்த வருஷ அறிவிப்பில் இருக்கும். பழங்குடியினருக்கு உயரத்தில் சலுகை உண்டு. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் பிப்ரவரி, மார்ச் மாதத்தில்தான் பதிவு தொடங்கியது. மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள் பொங்கல் முடிந்ததும் இ-சேவை மையத்தில் அடிக்கடி கேட்டுக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் சென்னை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது.

பணம் கேட்டால்?

தேர்வுக் கட்டணமாக 250 ரூபாய் வாங்குகிறார்கள். அதுவும் இணையத்தில் கட்டுவது. அதற்கு மேல் யார் கையிலும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

பின்னே புரோக்கர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? ஒரு ஆள் பத்துப் பிள்ளைகளிடம் பணம் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் யாருக்கும் ஒன்றும் செய்வதில்லை, சும்மா இருக்கிறான். பத்தில் இரண்டு பேர் சொந்தத் திறமையில் தேறிவிடுவார்கள். "பாத்தியா, நான்தான் சேத்து வுட்டேன்" என்று அந்த இரண்டு பேர் பணத்தை வைத்துக்கொள்வான். மற்ற எட்டுப் பேரில் சிலருக்குத் திருப்பிக் கொடுத்து நல்ல பேர் வாங்குவான். மீதிப் பேரை அலைய விடுவான். தேறின பிள்ளையின் அம்மா, "காசு குடுத்தோம், வேலை கெடைச்சது" என்று ஊரெல்லாம் சொல்வார். அடுத்த வருஷம் இருபது பேர் அவன் வாசலில் நிற்பார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில பேர் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை தானாகவே தேறினாலும், பணம் கொடுத்தால்தான் சான்றிதழ் என்று மடக்குவார்கள். ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

சாப்பாடு, தூக்கம், ஓட்டம்

உடல் தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்பிள்ளைகள் 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண் 60. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் பத்து எடுத்தால் 40 மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடப்பதும் உண்டு.

"எங்க பசங்க மலையில ஏறி எறங்கறவங்க, இதெல்லாம் என்னா பெரிசு" என்று நினைக்கிறோம். மூச்சுப் பிடிக்க மலை உதவும், உண்மைதான். ஆனால் முகாமில் ஓடுவது சமதளத்தில். மலை ரோட்டில் இறக்கத்தில் ஓடி நேரம் பார்த்தால் ஏமாந்துபோவோம். பள்ளிக்கூட மைதானத்தில் அளந்து ஓடச் சொல்லுங்கள். தார் ரோட்டை விட மண் தரை முழங்காலுக்கு நல்லது. முதல் நாளே முழு வேகம் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஆறு மாதமாவது ஆகும். வாரத்தில் ஒரு நாள் உடம்புக்கு ஓய்வு வேணும்.

சாப்பாட்டுக்கு டப்பாவில் வரும் சத்து மாவெல்லாம் தேவையில்லை. நம்ம கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, தினை, வேர்க்கடலை, முட்டை, பயறு, முருங்கைக்கீரை இதெல்லாம் போதும். கீரைச் சோற்றோடு ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். காலை ஐந்து மணிக்கு ஓடுகிற பிள்ளை ராத்திரி ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். டி.வி. சத்தத்தைக் குறைப்பதும் நாம் செய்யும் உதவிதான். சீக்கிரம் உடம்பு ஏறும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ விற்றால் வாங்கவே கூடாது. முகாமில் கண்டுபிடித்தால் பிள்ளை வெளியே போக வேண்டியதுதான். உடம்புக்கும் கேடு.

முகாமுக்கு முன்னாலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். காது அழுக்கு, சொத்தைப் பல், மூலம், விரைவீக்கம், பார்வை, நிறம் பிரித்துப் பார்ப்பது, ரத்த அளவு இதெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். காதில் அழுக்கு இருக்கிறது என்று நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. முன்கூட்டியே பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

பச்சை குத்துவதிலும் கவனம் வேணும். முழங்கைக்குக் கீழே கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி. பழங்குடி வழக்கப்படி குத்திய பச்சைக்குத் தனி விதி இருக்கிறது. திருவிழாவில் ஆசைப்பட்டுக் கழுத்தில் குத்திக்கொண்டால் கஷ்டம்தான்.

காகிதங்களை இப்போதே சரிபாருங்கள்

ஓட்டத்தில் ஜெயித்துக் காகிதத்தில் தோற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நம்ம பெயரையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் "பாப்பாத்தி", ஆதாரில் "பாப்பாத்தியம்மாள்", பேங்க் புத்தகத்தில் இன்னொன்று என்று இருந்தால், நாளைக்குப் பிள்ளையின் ராணுவப் பதிவேட்டில் எந்தப் பெயர் ஏறும்? அவனுக்கு ஏதாவது ஆனால் பணம் வாங்க வேண்டியவள் அம்மாதானே. அப்போது திருத்த அலைவதை விட இப்போது திருத்துவது சுலபம்.

சாதிச் சான்றைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். மலையாளி உள்ளிட்ட பழங்குடியினருக்கான சான்று கோட்டாட்சியர் அளவில் விசாரித்துக் கொடுப்பது. நாள் பிடிக்கும். இருப்பிடச் சான்று, பள்ளி நன்னடத்தைச் சான்று, ஊரில் வாங்கும் நன்னடத்தைச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று ஆகியவையும் வேண்டும். ஊரில் வாங்கும் சான்றுகள் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டில் நனையாத இடத்தில் வையுங்கள். குடும்பத்தோடு வேலைக்கு வெளியூர் போகிற வீடுகளில் அந்தப் பை கூடவே போகட்டும்.

பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் பெற்றவர் கையெழுத்தும் கேட்பார்கள். படித்துக் காட்டச் சொல்லிப் புரிந்துகொண்ட பிறகு போடுங்கள். குழுவில் எத்தனை பத்திரத்தில் அப்படிக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்!

போலீஸ் விசாரணை

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட முடியாது. தேறின பிள்ளையைப் பற்றிப் போலீஸ் விசாரணை உண்டு. பேரில் வழக்கு இருந்தால் சேர்வது கஷ்டம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலைக்காரர் என்றாலே சாராயம் என்று பார்க்கிறார்கள். இது நியாயம் இல்லை. மலையில் பெரும்பாலான வீடுகள் மரவள்ளியும் சாமையும் போட்டு, கூலிக்குப் போய்ப் பிழைக்கிற வீடுகள். ஆனாலும் "ஒரு டியூப் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, ஐநூறு ரூபா" என்று பையன்களைக் கூப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆந்திராவுக்கு மரம் வெட்டக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரப் போலீஸ் சுட்டு இறந்ததை நாம் மறக்கவில்லை. ஐநூறு ரூபாய்க்காகப் போனால் ஒரு வழக்கு, அத்தோடு ராணுவக் கனவும் முடியும். இதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அப்பாவிடமும் பேசுங்கள்.

பெண்பிள்ளைகள்

"பொம்பளப் புள்ள மிலிட்டரிக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ராணுவக் காவல் பிரிவில் பயிற்சி முடித்த முதல் பெண் சிப்பாய்கள் 83 பேர், 2021 மே 8 அன்று பெங்களூரில் உறுதிமொழி எடுத்தார்கள். கடற்படையில் முதல் அக்னிவீர் அணி 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்தது. அதில் இருநூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள்.

ராணுவக் காவல் பிரிவுத் தேர்வில் பெண்கள் 1.6 கிலோமீட்டரை 8 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பத்தடி நீளம் தாண்ட வேண்டும், மூன்றடி உயரம் தாண்ட வேண்டும். மகள் இதற்குப் பழக ஒரு மணி நேரம் வேண்டும். காலையில் தண்ணீர் எடுத்து, வாசல் தெளித்து, விறகு கொண்டுவந்த பிறகு ஓடு என்றால் எப்படி ஓடுவாள்? அந்த ஒரு மணி நேர வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் கை தேய்ந்துவிடாது. ரத்தசோகை இருக்கிறதா என்று நர்சம்மாவிடம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுங்கள். தனியாக ஓடப் பயமாக இருந்தால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஓடட்டும். குழுவில் ஒரு அம்மா முறை வைத்துக் கூட நிற்கலாம்.

அக்னிவீராகச் சேர, ஆணோ பெண்ணோ, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. நான்கு வருஷப் பணியிலும் திருமணம் கூடாது. "நல்ல எடம் வந்துச்சு" என்று அவசரப்பட்டால் பிள்ளையின் வழி அத்தோடு அடைபடும்.

பயிற்சி மையத்தில் இருக்கும்போது

சேர்ந்தவர்களைப் பயிற்சி மையத்துக்கு அனுப்புவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேருகிறவர்களுக்கு நீலகிரியில் குன்னூர் பக்கத்திலுள்ள வெலிங்டன். மற்றவர்கள் வடக்கேயும் போக வேண்டிவரும். காலாட்படைப் பயிற்சி 31 வாரம், ஏழு மாதத்துக்குப் பக்கம். விடியும் முன்னே எழுந்து ஓட்டம், கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி. கட்டளைகள் இந்தியில். தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். போன் எப்போதும் கையில் இருக்காது. ஒரு வாரம் பேசவில்லை என்றால் பயந்து போகாதீர்கள்.

பேசும்போது, "அம்மா, முடியல, வந்துடட்டுமா" என்று அழலாம். முதல் மாதத்தில் நிறையப் பிள்ளைகள் அழுகிறார்கள். நமக்கு வயிறு கலங்கும். உடனே "வந்துடுடா சாமி" என்று சொல்லத் தோன்றும். ஆனால் விருப்பப்பட்டபோது விட்டுவிட்டு வருகிற வேலை இல்லை இது. மிக அசாதாரணமான காரணம் இருந்தால்தான் நடுவில் விடுவிப்பார்கள். "சாப்பிட்டியா? கால் எப்படி இருக்கு? இன்னிக்கு என்னா கத்துக்கிட்ட?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். நாமும் சேர்ந்து அழுதால் அவனுக்குப் பாரம் கூடும். குழுத் தவணை, சொத்துத் தகராறு, அப்பா குடித்துவிட்டு வந்தது இதையெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் இறக்கி வைக்காதீர்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தில் "பொறுத்துக்கோ" என்று சொல்லவே கூடாது. ஒன்று, காய்ச்சல், நெஞ்சுவலி, குறையாத கால்வலி. மறைத்து ஓடாமல் உடனே அங்குள்ள ராணுவ மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, "செத்துடலாம் போல இருக்கு" என்ற பேச்சு. அதைச் சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். பேச்சை நீட்டுங்கள். மேலதிகாரியிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே சொல்ல வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிள்ளையும் பேசலாம், நாமும் பேசலாம்.

சம்பளமும் நான்கு வருஷமும்

2022 அறிவிப்பின்படி முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். அதில் கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும். நாலாவது வருஷம் 40,000, கைக்கு 28,000. நான்கு வருஷத்தில் பிள்ளை சேமித்தது 5 லட்சத்துச் சொச்சம், அதே அளவு அரசு போடுவது, வட்டி எல்லாம் சேர்த்து சுமார் 11.71 லட்சம் கடைசியில் கிடைக்கும். பணியில் இருக்கும்போது 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்குப் பிள்ளை பிரீமியம் கட்ட வேண்டியதில்லை.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் முடிந்தபின் நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்பது அந்த அறிவிப்பு. மற்றவர்கள் திரும்பி வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. "மிலிட்டரிக்குப் போனா சாகறவரைக்கும் பென்ஷன்" என்ற பழைய கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

ஆகவே அந்தப் பதினொரு லட்சத்தைக் காட்டி இப்போதே கடன் வாங்காதீர்கள். முதல் சம்பளத்திலேயே வீடு, வண்டி என்று இழுக்காதீர்கள். பத்தாவது படித்துச் சேர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்று கிடைக்கும் ஏற்பாட்டை அரசு அறிவித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது வயது இருபதுகளில்தான் இருக்கும். படிப்பும் கையில் பணமும் இருந்தால் அடுத்த வழி பார்க்கலாம்.

கிடைக்காவிட்டால்?

வருகிறவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். தேறாத பிள்ளை வீட்டுக்கு வரும்போது வாசலில் நாம் சொல்லும் முதல் வார்த்தை முக்கியம். "ஊர்ல மூஞ்சியக் காட்ட முடியலயே" என்று சொல்லாதீர்கள். "சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்றால் போதும். வயது இருந்தால் அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம். ஓடிப் பழகிய உடம்பும் படித்த படிப்பும் வீணாகாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் தேர்வுகளுக்கும் இதே ஓட்டமும் படிப்பும் உதவும்.

குழு என்ன செய்யலாம்?

அந்த வெள்ளிமலைக் குழுவுக்கு இந்த மாதம் மறுபடி போனோம். சேகரித்த விவரங்களைப் படித்துக் காட்டினோம். ஐம்பதாயிரம் கேட்ட அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு நாலாயிரம் போதும்" என்றார். ஓடுவதற்கு நல்ல ஷூ, தேர்வுக் கட்டணம், போட்டோ, கள்ளக்குறிச்சிக்குப் போய்வரும் பஸ் செலவு, பழைய வினாத்தாள் புத்தகம் இவற்றுக்குத்தான் அந்தத் தொகை. எல்லோரும் சம்மதித்துத் தீர்மானம் எழுதினார்கள். பிள்ளைகளைப் பழக்க ஊரிலுள்ள முன்னாள் ராணுவக்காரர் ஒருவரைக் கேட்பது என்றும் முடிவு செய்தார்கள்.

சுவரோரம் இருந்த அம்மா, "எம் புள்ளைக்கு வயசு தாண்டிப்போச்சு. உன் புள்ளைக்காவது சொல்ல முடிஞ்சுதே" என்றார்.

உறுப்பினர்களே, இந்தக் கட்டுரையை உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மாக்கள் வீட்டிலும் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாராவது பணம் கேட்டு வந்தால் தனியாக முடிவு எடுக்காமல் குழுவில் வந்து சொல்லுங்கள்.